நன்னெறி புக்கா, குழந்தைகள் பாராளுமன்றமா, பந்தியா: எங்க பங்கு ஸ்கூலுக்கு எது ஒத்துவரும்?

எங்க பங்கு ஸ்கூல், அதாவது எங்க ஊரு கத்தோலிக்கக் கோயிலோட ஸ்கூல், பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவால இருக்குது. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும், அரசு உதவி பெறுற தொடக்கப்பள்ளி. வர்ற ஜூன்ல இருந்து வாரத்துக்கு ஒரு பீரியடு குடிமைப் பண்பு, மரியாதை, ஒருத்தர ஒருத்தர் மதிக்கறது இதுக்குன்னே ஒதுக்கறோம்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க, பழைய மாணவருங்க சேத்துக் குடுத்த பணம் கொஞ்சமும் பேங்க்ல கெடக்குது. இத வெச்சு என்ன பண்றதுன்னு பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துல பேச்சு வந்து, ஆளுக்கொரு நாயம் பேசி, குடுத்த டீ ஆறிப்போனதுதான் மிச்சம், முடிவு வரலீங்க. இப்போதைக்கு அஞ்சு வழி பேச்சுல இருக்குது: நன்னெறி புக் வாங்கி க்ளாஸ் எடுக்கறது, அசெம்பிளிய மாத்தறது, குழந்தைகள் பாராளுமன்றம் வெக்கறது, வெளியாளக் கூப்ட்டு முகாம் நடத்தறது, இது எதுவும் வேண்டாம் தெனமும் நடக்கற காரியத்தையே ஒழுங்கு பண்ணுனா போதும்ங்கறது. நான் வாத்தியார் இல்லீங்க, தறிக்காரன், அதே ஸ்கூல்ல படிச்சவன், எம்புள்ள இப்ப அங்க மூணாப்பு. நான் எந்தப் பக்கம்னு போகப்போகத் தெரியும், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

ஸ்கூல் எப்படிப்பட்டதுன்னு மொதல்ல சொல்லிடறேன், அது தெரியாம எது நல்லதுன்னு பேசறது வீண். கோயமுத்தூரு 1886ல தனி ஆயரோட மறைமாவட்டம் ஆச்சு, அதுக்கும் முன்னாடி பிரெஞ்சு சாமியாருங்க காலத்துல இருந்தே கோயில் இருந்தா பக்கத்துல பள்ளிக்கூடம்ங்கறது இங்கத்தி வழக்கம். தாளாளர் பங்குச்சாமியார், ஹெச்.எம். சிஸ்டர், ஆனா பெஞ்சுல உக்காந்திருக்கற புள்ளைங்கள்ல கத்தோலிக்கப் புள்ளைங்க கம்மிதான். கவுண்டமாரு ஊட்டுப் புள்ளைங்க, காலனியில இருந்து வர்ற அருந்ததியர் புள்ளைங்க, ராவுத்தர் ஊட்டுப் புள்ளைங்க, அப்பறம் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் வந்த ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆளுங்களோட புள்ளைங்க. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, ஜார்கண்ட்ல இருந்து வந்த ஆதிவாசிக் குடும்பங்கள்ல கத்தோலிக்கரும் இருக்கறாங்க. ஸ்கூல்ல 'ஹிந்திக்காரன்'னு ஒதுங்கி உக்கார வெக்கற அதே பையன்தான் ஞாயித்துக்கெழம பூசையில முன்னாடி வரிசையில கைகட்டி நிக்கறான். அவன ஒதுக்கற நம்ம ஊருப் பையனும் அதே பூசைக்கு வர்றான். மரியாதைன்னு தனியா ஒரு பீரியடு தேவைப்படறதே இதனாலதான்.

எந்த வழியா இருந்தாலும் நான் மூணு கேள்வி கேட்டுப் பாக்கறேன். ஆறு வயசுப் புள்ளைக்கு அது எட்டுமா? சிஸ்டர் டிரான்ஸ்ஃபர் ஆயிப் போனதுக்கப்பறம் நிக்குமா, ஏன்னா மே மாசம் வந்தா சிஸ்டருங்க துறவற சபையில இருந்து மாத்தல் லெட்டர் வந்துரும், புதுசா வர்ற சிஸ்டருக்கு வேற ஆசை இருக்கும். மூணாவது, நம்ம ஊர்ல நெசமாலுமே இருக்கற பிரிவினை, அதாவது சாதி, காசு, பாஷை, அதத் தொடுதா இல்ல பக்கத்தால சுத்தீட்டுப் போயிருதா?

நன்னெறி புக்குல இருந்து ஆரம்பிக்கறேன், அதுக்குத்தான் ஆதரவு எச்சா. மே மாசம் புக் கம்பெனிக்காரரு பையத் தூக்கீட்டு வருவாரு, வழவழன்னு பேப்பர், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், மரம்வெட்டி கோடாலிய ஆத்துல போட்ட கதை, ராஜா கதை, கடைசில கோடிட்ட இடத்தை நிரப்புக. டீச்சருக்குச் சுலபம், பெத்தவங்களுக்கும் காசுக்கு ஏதோ கையில கெடச்ச மாதிரி இருக்கும். சிஸ்டர் மாறினாலும் புக் இருக்கும், அந்த ஒரு கேள்வில இது பாஸ். ஆனா மத்த ரெண்டுலயும் பெயில்ங்க. எங்க காலத்துல அரசாங்கப் பாடப் புத்தகம் எதத் தொறந்தாலும் தீண்டாமை ஒரு பாவச்செயல், ஒரு பெருங்குற்றம்னு அச்சடிச்சிருக்கும், நம்மெல்லாம் அதப் படிச்சுத்தான் வந்தோம், மனப்பாடமாவும் தெரியும், இப்ப வர்ற புக்குலயும் 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்'னு இருக்குது. அந்தப் புக்கையே பையில வெச்சுட்டு நாலாப்புப் பையன் இன்னொரு பையன்கிட்ட "நீங்க எந்தக் கூட்டம், எந்தக் கோயலு?"ன்னு கேக்கறான், கூட்டம்னா கவுண்டமாருல குலப்பிரிவு, அது சொல்லத் தெரியாதவன் எந்த ஊட்டுப் புள்ளைன்னு அவனுக்கு ஒடனே கணக்குத் தெரிஞ்சுருது. இதுக்கு மேல இன்னொரு புக் என்ன பண்ணிரும்?

அதோட மார்க். நன்னெறிக்குப் பரீட்சை வெச்சு ரேங்க் கார்டுல போடுவாங்களாம். அடுத்தவனக் கேலி பண்றதுல ஊருக்கே தெரிஞ்ச பையன் நூத்துக்கு நூறு வாங்குவான், பாருங்க.

ஒரு சங்கதி மட்டும் இந்தப் பக்கத்துல நாயமா இருக்குது. புக்குன்னு ஒண்ணு இல்லீன்னா அந்தப் பீரியடயே கணக்கு முழுங்கிரும்னு சின்ன டீச்சர் ஒருத்தர் சொன்னாங்க. உண்மைதான். எங்க காலத்துல நீதிபோதனை பீரியடுன்னு டைம்டேபிள்ல இருக்கும், நடந்தது கம்மி. நடந்த நாள்லயும் என்ன பண்ணுவாங்கன்னா கத்தோலிக்கப் புள்ளைங்கெல்லாம் எந்திரிச்சு சிஸ்டர் ரூமுக்கு ஞானோபதேசத்துக்கு, அதாவது மறைக்கல்விக்குப் போவோணும், மிச்சப் புள்ளைங்களுக்கு அங்கயே நீதிக்கதை. எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லிக் குடுக்கற பீரியடுல மொத வேலையா ரெண்டாப் பிரிச்சு உக்கார வெச்சாங்க. மறைக்கல்வி ஞாயித்துக்கெழம பூசைக்கு அப்பறம் கோயில்ல நடக்குது, அது அங்கயே நடக்கட்டும். இந்தப் புதுப் பீரியடுல எல்லாப் புள்ளையும் ஒரே ரூம்ல இருக்கோணும், எந்த வழிய எடுத்தாலும் இத மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அடுத்தது அசெம்பிளி. இதுக்குப் பங்குச்சாமியார் ஆதரவு, அவரு சொல்றதுலயும் சரக்கு இருக்குது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024ல கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் குடுத்துச்சு. தெனமும் அசெம்பிளில அரசியலமைப்பு முகவுரையப் படிக்கோணும், மத்த மதத்துப் புள்ளைங்க மேல நம்ம மதப் பழக்கத்தத் திணிக்கக் கூடாது, எல்லா மதத்தாரும் பிரார்த்தனை பண்ண ஸ்கூல்ல ஒரு இடம் வெக்கலாம், இதெல்லாம் அதுல வருது. புதுசா மொளச்ச யோசனைன்னு நெனைக்க வேண்டாம், கிறித்தவக் கல்வி பத்தின அறிக்கையும் மத்த சமயங்கள மதிக்கோணும்ங்கற அறிக்கையும் உலகத்துக் கத்தோலிக்க ஆயருங்கெல்லாம் ரோமுல கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல ஒரே நாள்லதான் வந்துச்சு, 1965 அக்டோபர் 28. அன்னைக்கே சொன்னது நம்ம ஊட்டு வாசலுக்கு வந்து சேர இத்தன வருசம்.

ஆனா முகவுரைய ஒண்ணாப்புப் புள்ள வாயில வெச்சுப் பாருங்க. 'இறையாண்மையுடைய, சமதர்ம, சமயச்சார்பற்ற, மக்களாட்சிக் குடியரசு', எனக்கே மூச்சு வாங்குதுங்க. தெனமும் தமிழ்த்தாய் வாழ்த்து, கொறள், உறுதிமொழி, செய்தி வாசிக்கறது, நாட்டுப்பண்ணுன்னு ஏற்கெனவே வெய்யில்ல நிக்குதுங்க, அதுல இதையும் தெனமும் சேத்தா பொட்டுன்னு ரெண்டு புள்ளைங்க மயங்கி விழும். வாரத்துக்கு ஒருக்கா திங்கக்கெழம போதும், அதுவும் அஞ்சாப்புப் புள்ள ஒண்ணு வாசிக்கட்டும், அதுல இருந்து ஒரே ஒரு சங்கதிய எடுத்து டீச்சர் ரெண்டு நிமிசம் பேசட்டும். சகோதரத்துவம்னா என்ன, சமமா நடத்தறதுன்னா என்ன, அவ்வளவுதான். கவனிச்சுக்க வேண்டியது அத யார வாசிக்கச் சொல்றாங்கங்கறது. எப்பவும் தமிழ் கணீர்னு வர்ற அதே மூணு புள்ளைங்கதான் மைக் முன்னால நிக்குதுங்க. அந்த ஒடிசாப் பையன் தட்டுத்தடுமாறி செய்தி வாசிக்கட்டுமே, நாலு பேரு சிரிப்பான், சிரிச்சா என்ன பண்றதுன்னு பேசறதுக்குத்தான் பீரியடு வெச்சிருக்கறோம்.

செபத்தப் பத்திக் கூட்டத்துல கொஞ்சம் சூடாவே பேசுனாங்க. ஒரு அப்பா, "புள்ள ஊட்டுக்கு வந்து அருள் நிறைந்த மரியே சொல்லுது, எங்கம்மாவுக்குப் புடிக்கல"ன்னாரு. இன்னொருத்தரு, கத்தோலிக்கரு, "புடிக்கலீன்னா வேற ஸ்கூல் போங்க"ன்னுட்டாரு. ரெண்டு பேருக்கும் சட்டம் பதில் வெச்சிருக்குது. அரசியல் சட்டம் 30வது பிரிவு சிறுபான்மையினர் பள்ளி நடத்தற உரிமையக் குடுக்குது, அதே சட்டத்துல 28வது பிரிவு மூணாவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்கற பள்ளில மத போதனைக்கும் வழிபாட்டுக்கும் பெத்தவங்க சம்மதம் இல்லாம சின்னப் புள்ளையக் கலந்துக்கச் சொல்லக் கூடாதுங்குது. அட்மிஷன் ஃபாரத்துல ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது. கேரளாவுல மூணு புள்ளைங்க நாட்டுப்பண் பாடாம மரியாதையா எந்திரிச்சு மட்டும் நின்னதுக்கு ஸ்கூல விட்டு அனுப்பி, அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 1986ல புள்ளைங்க பக்கம்தான் தீர்ப்பு வந்துச்சு. யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் புள்ளைங்க. நாட்டுப்பண்ணுக்கே எந்திரிச்சு நின்னா போதும்னு ஆனப்பறம், நம்ம ஸ்கூல் செபத்துக்கு வாய அசைக்காத புள்ளைய டீச்சரு மொறைக்கறது எதுக்கு?

அப்ப அசெம்பிளிக்கு என் மார்க்கு: காசே ஆகாது, சிஸ்டர் மாறினாலும் நிக்கும், ஆனா அது மட்டும் இருந்தா வெறும் சத்தம்தான். தொணைக்கு வெச்சுக்கலாம், தலைமைக்கு ஆகாது.

வெளியாள் முகாம் பத்தி நீட்டி முழக்க ஒண்ணுமில்ல. புரொஜெக்டர் வரும், கைதட்டற வெளையாட்டு, ஒரு மோட்டிவேசன் பேச்சு, புள்ளைங்க அழுவுற மாதிரி ஒரு அம்மா அப்பா கதை, சாயங்காலம் குரூப் போட்டோ, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ். இருக்கற பணத்துல பாதி ஒரே நாள்ல போயிரும். அதுக்குப் பதிலா பஞ்சாயத்து ஆபீசு, போஸ்ட் ஆபீசு, துணை சுகாதார நிலையம்னு நடந்தே கூட்டீட்டுப் போயி வந்தா புள்ளைங்களுக்கு ஊரு எப்படி நடக்குதுன்னு தெரியும், செலவு தண்ணி பாட்டலு மட்டும்தான்.

குழந்தைகள் பாராளுமன்றத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இது, அதனாலயே கொஞ்சம் சந்தேகமாவும் பாக்கறேன். இதுக்கு வேரு நம்ம தமிழ்நாட்டுலதான் இருக்குது, கன்னியாகுமரிப் பக்கம் எட்வின் பாதர், பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேந்து செபிக்கற குழுவான அன்பியங்கள மாதிரியே அக்கம்பக்கத்துப் புள்ளைங்களக் குட்டிக்குட்டிக் குழுவாச் சேத்து ஆரம்பிச்சது, அப்பறம் பல எடத்துக்குப் பரவுச்சு. பிரதமர், சுகாதார மந்திரி, கல்வி மந்திரி, தண்ணி மந்திரின்னு புள்ளைங்களே தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒருக்கா வட்டமா உக்காந்து பேசறது. இங்கிலாந்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்க 2014ல இருந்து எல்லாப் பள்ளியும் ஜனநாயகம், சட்டத்த மதிக்கறது, தனிமனித சுதந்திரம், மாற்று நம்பிக்கைக்காரங்கள மதிச்சு நடக்கறது இதெல்லாம் சொல்லித்தரோணும்னு அரசு கட்டாயமாக்குச்சு, கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிங்க அதுக்கு எப்படியெல்லாம் பண்றோம்னு எழுதி வெக்கறப்ப மாணவர் கவுன்சில் தேர்தல் அதுல அநேகமா வந்துரும். அங்க ஆய்வுக்கு வர்ற அதிகாரிக்குக் காட்டோணும், அந்த பயமும் ஒரு காரணம். நமக்கு அந்த பயம் இல்லீங்க, அதனால நெசமா நடத்துனா நடத்தலாம், இல்லீன்னா பேட்ஜ் குத்தி போட்டோ எடுத்துட்டு விட்டுரலாம், ரெண்டுக்கும் வாய்ப்பிருக்குது.

நெசமா நடந்தா எப்படி இருக்கும்ங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். கோபி பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை பாக்கற எங்க ஒறம்பரை டீச்சர் சொன்னது. நாலாப்புப் புள்ள ஒண்ணு, தண்ணி மந்திரி, கோடு போட்ட நோட்டு ஒண்ணு வெச்சுட்டு தெனமும் இன்டர்வெல்ல கொழா கொழாவாப் போயி எது சொட்டுது, எதுல தண்ணி வரலைன்னு டிக் அடிக்குமாம். ஒரு நாள் டீச்சருங்க கை கழுவற கொழாவத் தொறந்து விட்டுட்டு ஒரு சார் போன் பேசீட்டு நின்னிருக்கறாரு. புள்ள பக்கத்துல போயி நின்னு, கொழாவையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "சார், நான் மூடிக்கட்டுங்களா?"ன்னு கேட்டுச்சாம். அவரு போனக் கீழ வெச்சுட்டாராம். அந்தக் கேள்வில மரியாதையும் இருக்குது, உரிமையும் இருக்குது, இந்த ரெண்டையும் சேத்து எந்தப் புக்கும் குடுக்காது.

ஆனா சிக்கலும் சொல்லோணுமில்ல. ஒண்ணு, ஒண்ணாப்பு ரெண்டாப்புப் புள்ளைங்களுக்கு இது எட்டாது, ஓட்டுப் போடச் சொன்னா மிட்டாய் குடுத்தவனுக்குப் போடும். ரெண்டு, தேர்தல்னு வெச்சா யாரு ஜெயிப்பாங்கன்னு இப்பவே சொல்லட்டுங்களா? மில்லு வெச்சிருக்கறவரு பையன் பிரதமரு, பர்ஸ்ட் ரேங்க் புள்ள கல்வி மந்திரி, காலனிப் புள்ளைக்கு சுகாதாரம், அதாவது கூட்டறத மேற்பார்வை பண்றது. பெரியவங்க நாட்டுல நடக்கறத அப்படியே சின்னதாப் பண்ணி வெச்சுக்குவோம். அதனால ஓட்டு வேண்டாம், சீட்டுக் குலுக்கல், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தல், அஞ்சாப்பு முடிக்கறதுக்குள்ள எல்லாப் புள்ளையும் ஏதோ ஒரு மந்திரியா இருந்திருக்கோணும். தேர்தல் இல்லாத ஜனநாயகமான்னு ஒருத்தரு சிரிச்சாரு, சிரிக்கட்டும், ஹைஸ்கூல் போயி ஓட்டுப் போட்டுக்கட்டும். அரசுப் பள்ளிகள்ல 2024ல இருந்து நடக்கற மகிழ் முற்றத்துலயும் புள்ளைங்களக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு அஞ்சு குழுவாக் கலந்துதான் போடறாங்க, ஆளு பாத்துப் பிரிக்கறதில்ல. மூணு, சிஸ்டருக்கு இது மேல ஆசை இருந்தாத்தான் ஓடும், ஆசையில்லாத ஹெச்.எம். வந்தா அடுத்த ஜூன்லயே மூட்டை கட்டிருவாங்க.

இதுக்கு ஒரு வெளி வாசல் வெச்சா கொஞ்சம் நிக்கும்னு தோணுது. தமிழ்நாட்டுல இப்ப வருசத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புள்ளைங்க எழுதுன கோரிக்கை ஒண்ண, ஸ்கூல் முன்னாடி வேகத்தடை வேணும்ங்கற மாதிரி, பெத்தவங்க ஒருத்தர் கிராம சபைல குடுக்கட்டும், என்ன பதில் வந்துச்சுன்னு புள்ளைங்ககிட்ட வந்து சொல்லட்டும். நடக்கலீன்னாலும் நடக்கலைன்னு சொல்லோணும்.

இனி அஞ்சாவது வழி, யாரும் பெருசா எடுத்துக்காதது. ஆயாம்மா ஒருத்தங்கதான் கூட்டத்துல பின்னாடி நின்னுட்டு இதச் சொன்னாங்க, "மத்தியானம் வந்து பாருங்க கண்ணு, அப்பத் தெரியும்"னு. போயிப் பாத்தேன். சத்துணவு வாங்கற புள்ளைங்க வராண்டாவுல வரிசையா, தட்டு கையில. டிபன் கேரியர் கொண்டாந்த புள்ளைங்க வேப்ப மரத்தடில வட்டமா. யாரும் பிரிக்கல, அதுங்களே அப்படி உக்காந்துக்குதுங்க, டீச்சருங்களும் அது பாட்டுக்கு நடக்கட்டும்னு விட்டிருக்கறாங்க. மரத்தடில இருந்த ஒரு புள்ள முட்டைக்கு ஆசைப்பட்டு வராண்டாவப் பாத்துட்டே இருந்துச்சு, எந்திரிச்சுப் போகல, அங்க போனா அந்தக் கூட்டம்னு ஆயிரும்னு அதுக்கு எட்டு வயசுலயே தெரியுது. வராண்டாப் பக்கம் ஒரு பையன் சோத்த வாங்கீட்டு செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்து தின்னான்.

அந்த எடத்துல பாய விரிச்சு எல்லாரையும் ஒரே பந்தியா உக்கார வெச்சா, தட்டுலயோ டிபன்லயோ எதுல வேணாலும் தின்னட்டும், பாதி வேலை அங்கயே முடியும். அஞ்சாப்புப் புள்ளைங்க மொறை போட்டு ஒண்ணாப்புப் புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்தட்டும், தட்டுக் குடுக்கட்டும். இது சின்ன சங்கதின்னு நெனைக்கறவங்க 2018ல அவினாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளில பட்டியல் சாதி அம்மா ஒருத்தங்க சத்துணவு சமைக்க வந்தப்ப, அவங்க சமைக்கக் கூடாதுன்னு ஊர்ல சிலபேரு தடுத்தத யோசிச்சுப் பாருங்க, நாடு முழுக்கப் பேப்பர்ல வந்துச்சே. இப்பக் காலைச் சாப்பாட்டுத் திட்டமும் 2024 ஜூலைல இருந்து கிராமத்து உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துருச்சு, ஆக ரெண்டு வேளை பந்தி நம்ம கையில இருக்குது.

உக்கார்ற எடமும் அப்படித்தான். நாங்குநேரில 2023ல சாதி வெறில ஒரு பையன வெட்டுன கொடுமைக்கப்பறம் அரசு அமைச்ச ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024ல அறிக்கை குடுத்துச்சு, அதுல புள்ளைங்கள அகரவரிசைப்படி உக்கார வெக்கோணும், சாதியக் காட்டற கலர் கயிறு கூடாதுன்னெல்லாம் பரிந்துரை இருக்குது. கயிறு பத்தி நம்ம ஸ்கூல்ல இப்ப வம்பு வேண்டாம்ங்கறது என் எண்ணம், ஏன்னா தொடக்கப்பள்ளிப் புள்ள கையில இருக்கறது அம்முச்சி கோயில்ல கட்டிவிட்ட கயிறு, அத அவுக்கச் சொன்னா, கழுத்துல உத்திரியம், அதாவது கத்தோலிக்கரு பக்திக்குப் போடற துணிப் பட்டை, போட்ட புள்ளைய என்ன பண்றதுன்னு கேள்வி வரும், வரவும் வேணும். அகரவரிசை மட்டும் ஒடனே பண்ணலாம், காசு வேண்டாம், கமிட்டி வேண்டாம், யாரையும் குத்தம் சொன்ன மாதிரியும் இருக்காது. ஸ்காலர்ஷிப் கணக்கெடுக்க "எஸ்.சி. புள்ளைங்கெல்லாம் எந்திரிங்க"ன்னு க்ளாசுல கேக்கறத நிறுத்தறதுக்கும் காசு வேண்டாம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்குது, அங்க பாத்துக்கலாமே.

கூட்டறது, பெருக்கறது மொறை போடறதுல மட்டும் ஜாக்கிரதை. 2022ல பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளில பட்டியல் சாதிப் புள்ளைங்கள டாய்லெட் கழுவ வெச்சாங்கன்னு ஹெச்.எம். கைதானது நம்ம சீமைலதான். டாய்லெட் பக்கம் எந்தப் புள்ளையும் போகக் கூடாது, அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் வெக்கோணும். க்ளாஸ் ரூம் மட்டும், அதுவும் எல்லாப் புள்ளையும், பையனும் பொண்ணும், லிஸ்ட் செவுத்துல ஒட்டி, டீச்சர் பேரும் அதே லிஸ்ட்ல. டீச்சர் பேரு இருந்தாத்தான் அது தண்டனையாத் தெரியாது. டாய்லெட் கழுவ வர்ற அம்மாவ நம்ம புள்ளைங்க பேரச் சொல்லி வா போன்னு கூப்புடுதுங்க, அத யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னா நம்மதான், கேட்ல நின்னுட்டு நம்மளும் அப்படித்தான் கூப்புடறோம். ஊருல போற வர்ற ஆளுக்கெல்லாம் வாங்க போங்கன்னு ங்க போட்டுப் பேசற சனம் நாம. சிஸ்டரும் பாதரும் அவங்கள அக்கான்னு கூப்ட்டா ஒரே வாரத்துல புள்ளைங்க மாறிரும், எழுதி வெச்சுக்குங்க.

அடிக்கறதப் பத்தியும் ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17வது பிரிவு ஒடம்புத் தண்டனையும் மனசப் புண்படுத்தறதும் கூடாதுங்குது. சிறுபான்மைப் பள்ளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பக் காட்டி ஒருத்தரு பேசுனாரு. தீர்ப்பு உண்மைதான். அதுக்குன்னு சிஸ்டர் பெரம்பு எடுக்கலாமா? அஞ்சு வழில எத எடுத்தாலும் பெரம்பு டேபிள் மேல இருக்கற வரைக்கும் காசுக்குப் புடிச்ச கேடு.

என் ஓட்டு எப்படின்னா, பந்தியும் உக்கார்ற எடமும் ஜூன் மொத வாரத்துலயே, அஞ்சு வகுப்புக்கும். பீரியடு நாலாப்பு அஞ்சாப்புக்கு மட்டும் பாராளுமன்றம், ஆகஸ்ட்ல ஆரம்பிச்சா போதும், அதுக்குள்ள புள்ளைங்க ஒண்ணா உக்காந்து பழகியிருக்கும். கீழ் வகுப்புங்களுக்கு அந்தப் பீரியடுல வாரம் ஒரு சின்னக் காரியம், இந்த வாரம் நடந்த சண்டை ஒண்ண எடுத்து ரெண்டு பக்கமும் பேச விட்டுக் கேக்கறது, டீச்சர் ஒரு நோட்டுல எழுதி வெக்கறது. சின்ன டீச்சர் கேட்ட புக்கு இந்த நோட்டுதான், அடுத்த டீச்சர் அதப் பாத்து நடத்திக்கலாம். திங்கக்கெழம முகவுரை. பணத்துல பாயி, கை கழுவ வராண்டா ஓரமா வரிசைக் கொழா, கொஞ்சம் எவர்சில்வர் தட்டு, அவ்வளவுதான் வரும், மிச்சமிருந்தா டாய்லெட் கழுவற அக்காவுக்குச் சம்பளத்த ஏத்தலாம்.

இதுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும்னும் தெரியும். "எம்புள்ள சத்துணவுப் புள்ளைங்களோட உக்காந்து திங்கோணுமா"ன்னு நேராக் கேக்க மாட்டாங்க, சுத்தம், இன்பெக்சன், ஒவ்வாமைன்னு வேற பேரு வெச்சுக் கேப்பாங்க. அப்படிக் கேட்டா கை கழுவற கொழாவக் காட்டுங்க. ரெண்டு மூணு பேரு டி.சி. வாங்கறேன்னு மெரட்டவும் மெரட்டுவாங்க, உதவி பெறும் பள்ளிக்குப் புள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சா டீச்சர் போஸ்ட்டுக்கே ஆபத்துங்கறதால சிஸ்டர் கொஞ்சம் தயங்கத்தான் செய்வாங்க, அந்தத் தயக்கத்தத் தப்புச் சொல்ல முடியாது. அதனாலதான் இத சிஸ்டர் தனியா எடுத்த முடிவா விடாம, கூட்டத்துல தீர்மானமா எழுதி, பெத்தவங்க நாங்க பத்திருபது பேரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்ங்கறேன். அடுத்த ஹெச்.எம். வந்தாலும் பைல்ல அது இருக்கும்.

ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின சனிக்கெழம திரும்பக் கூட்டம். புக் கம்பெனிக்காரரு அதுக்குள்ள அட்வான்ஸ் கேட்டு வருவாரு, அவருக்கு யாரும் பணம் குடுத்துராதீங்க.